பித்தளைக் கழுதை

கழுதை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பித்தளையில் செய்தது. ஒரு காது வளைந்திருக்கும். எந்த வருடமோ யாரோ கீழே போட்டதில் வளைந்தது. அதைக் கறுப்பு மரக்கட்டை ஒன்றில் திருகி நிறுத்தியிருந்தார்கள். வருடாந்தர கோல்ஃப் பந்தயத்தில் கடைசியாக வருகிறவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அலமாரிக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. ஹாலில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி, அடுத்த பந்தயம் வரை அது நின்றாக வேண்டும். மற்ற மூன்று பேரும் சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பந்தய நாள் முழுக்க அவருக்குப் பெயரும் கழுதைதான். அடுத்த வருடப் பந்தயத்தை நடத்திக் கொடுக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும்.

ஆட்டக்காரர்கள் நான்கு பேர். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். ஒருவர் பல் டாக்டர். ஒருவர் வக்கீல். ஒருவர் கட்டடம் கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர்; அவரை எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். நான்காமவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் லென்ஸ்.

ஏழு வருடமாகக் கழுதை லென்ஸ் வீட்டு ஹாலை விட்டு நகரவில்லை.

அதனால் ஏழு வருடமாகப் பந்தயத்தை நடத்தியதும் அவர்தான். சொல்லப்போனால் அதை அவர் அழகாகச் செய்தார். பல் டாக்டருக்குக் காலையில் இடுப்பு வளையாது, வக்கீலுக்கு மதிய வெயில் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரத்தை மைதானத்து அலுவலகத்தில் கெஞ்சி வாங்குவார். தேதி முடிவான மறுநாள் மேஸ்திரி போன் செய்து "அன்னிக்கு எனக்கு கான்கிரீட் போடுற வேலை இருக்கு, மாத்து" என்பார். மறுபடி கெஞ்சல். நான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை வாங்குவார். பல் டாக்டர் தன் அளவைச் சிறியதாகச் சொல்வார். லென்ஸ் பெரிய சட்டையாகவே வாங்கி, கழுத்துப்பட்டியில் இருக்கும் அளவுத் துணியைப் பிரித்து, சின்ன அளவு போட்ட துணியை அங்கே தைத்து வைப்பார். பல் டாக்டர் அதைப் போட்டுக்கொண்டு வயிற்றைத் தட்டி, "பாத்தியா, அப்படியே இருக்கேன்" என்பார். லென்ஸுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் மனைவிக்கு அப்படி எந்தச் சந்தோஷமும் இல்லை. கடையில் கல்லாவையும், செய்து முடித்த கண்ணாடிகளைச் சரிபார்க்கும் மீட்டரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில், மருந்து வைக்கும் மேஜை மேல், வளைந்த காதோடு கழுதை நின்றது. மேஸ்திரி அவர்கள் வீட்டுக்குப் போய், வேலைக்காரப் பெண்ணிடம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"ரூல்னா ரூல்தாம்மா. கழுதைக்காரன் பத்து நாளைக்கு இங்கதான இருக்கப் போறான்? அப்ப அதுவும் இங்கதான் இருக்கணும்."

பல் டாக்டரும் வக்கீலும் ஆஸ்பத்திரி என்பதால் சத்தம் வராமல் சிரித்தார்கள். லென்ஸும் சிரித்தார். அவள் தையல் வலியோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இந்த வருடப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மேஸ்திரி கடைக்குள் நுழைந்தார். கண்ணாடியைக் கார் சீட்டில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். சட்டம் நசுங்கி, ஒரு பக்கம் உடைந்து போயிருந்தது.

"டேய் கழுதை, இதக் கொஞ்சம் பாரு."

கடையில் ஓர் இளம்பெண் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் சட்டம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பினாள்.

"பந்தயம் இன்னும் வரலடா" என்றார் லென்ஸ் மெதுவாக.

"வந்துட்டா மட்டும் மாறிடப் போவுதா? ஏம்மா, இந்தக் கடையில கண்ணாடி வாங்குறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கோ. இவனுக்குக் காலடியில இருக்கிற குழியே தெரியாது. ஏழு வருஷமா தேடிட்டு இருக்கான்."

அந்தப் பெண் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள். கல்லாவில் இருந்த மனைவி ஒரே கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

லென்ஸ் மேஸ்திரியின் கண்ணைச் சோதித்தார். பவர் மாறவில்லை. கிளம்பும்போது மேஸ்திரி வழக்கம்போல வாசலில் நின்று கதவு நிலையைத் தடவினார். இந்தக் கடையைக் கட்டியபோது அந்தக் கதவை வைத்தவர் அவர்தான். கூலி வாங்கவில்லை. அவர்கள் நட்பில் லென்ஸால் தொட்டுக் காட்ட முடிந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

"நூல் புடிச்ச மாதிரி நிக்குது பாரு. ரசமட்டம் வைக்கல, தூக்குக்குண்டு விடல. வெறுங்கண்ணால வச்சது. இந்தக் கண்ணுதான்டா எனக்குச் சோறு போடுது."

அது உண்மை. ஒரு சுவரைத் தெருவிலிருந்தே பார்த்து, எந்த வரிசையில் செங்கல் விலகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கோல்ஃபிலும் அவருடைய பலம் அதுதான். குழியைச் சுற்றி மொட்டையடித்த மாதிரி புல்லை வெட்டி வைத்திருக்கும் இடத்துக்கு கிரீன் என்று பெயர். பார்க்கத் தட்டையாக இருக்கும்; உண்மையில் அங்கங்கே சரிந்திருக்கும். மற்றவர்கள் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மட்டையைத் தூக்கிப் பிடித்து என்னென்னவோ செய்வார்கள். மேஸ்திரி நின்றபடியே ஒரு பார்வை பார்ப்பார். மெல்லத் தட்டுவார். பந்து சொன்ன பேச்சைக் கேட்டுக் குழிக்குள் விழும்.

மறுநாள் பிற்பகல், கடைக்குள் வெயில் சாய்ந்து கிடந்த நேரத்தில், லென்ஸ் பின்னறையில் அந்தக் கண்ணாடியைச் செய்ய உட்கார்ந்தார். மேஸ்திரியின் கண்ணுக்குச் சிலிண்டர் பவர் உண்டு. அது திசை உள்ள பவர். அந்த வில்லையைச் சட்டத்தில் பொருத்தும்போது சரியான கோணத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் திரும்பிப் போனால் படிக்க முடியும், ஆளை அடையாளம் தெரியும், கார்கூட ஓட்டலாம். ஆனால் நேர்க்கோடு நேராக நிற்காது. தரை ஒரு பக்கம் சரிந்து தெரியும். தொழில் பழகுகிற பையன்கள் செய்யும் பிழை அது. லென்ஸ் அதைச் செய்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

வில்லையில் குறிப் புள்ளி வைத்தார். இயந்திரத்தில் பொருத்தினார். பிறகு, ரேடியோவின் குமிழைத் திருகுவது போல, அதைக் கொஞ்சம் திருப்பினார்.

ஒரே நாள்தான் என்று நினைத்துக்கொண்டார். பந்தயம் முடிந்ததும் வில்லை நழுவிவிட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிடலாம். அவர்கள் செய்கிற வேடிக்கைகளைவிட இது ஒன்றும் பெரிதில்லை. முடிந்த கண்ணாடி எதுவாக இருந்தாலும் மனைவியின் மீட்டருக்குப் போகும். இதை அவரே துடைத்து, அவரே உறையில் போட்டு மூடினார்.

மேஸ்திரி போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார்.

"என்னடா, தரை எழும்பி வர்ற மாதிரி இருக்கு?"

"புதுக் கண்ணாடி இல்லையா. பழகிடும்."

பந்தயத்தன்று மேகமூட்டமாக இருந்தது. இளநீலச் சட்டை போட்ட நான்கு பேரும் சக்கரப் பைகளை இழுத்துக்கொண்டு ஈரப்புல்லில் நடந்தார்கள். முதல் குழியிலேயே மேஸ்திரியின் பந்து வலது பக்கம் விலகிப் போனது. "காத்து" என்றார். காற்றே இல்லை. மூன்றாவது குழியில் கையளவு தூரத்திலிருந்து தவறவிட்டார். ஐந்தாவது குழியில் முதல்முறையாகக் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, கக்கூஸ் போற மாதிரி உக்காந்துட்ட?" என்றார் பல் டாக்டர்.

"வாய மூடுறா."

"வாயத் தொறக்கச் சொல்லித்தான்டா எனக்குப் பழக்கம்."

வக்கீல் சத்தமாகச் சிரித்தார். "யுவர் ஆனர், என் கட்சிக்காரருக்குத் தரை எது, வானம் எதுன்னு கொஞ்சம் குழப்பமா இருக்கு."

பாதி ஆட்டம் தாண்டியதும் அவர்கள் இருவரும் லென்ஸை விட்டுவிட்டார்கள். அவரை யாரும் கழுதை என்றுகூடக் கூப்பிடவில்லை, மறந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருடம் எல்லோருடைய பார்வையும் தன் முதுகில் இருந்ததென்பது லென்ஸுக்கு அது நீங்கியபோதுதான் தெரிந்தது. கனமான கோட்டைக் கழற்றியது போலிருந்தது. அவர் வழக்கம்போல மோசமாகத்தான் ஆடினார். அது போதுமாக இருந்தது.

கடைசிக் குழி. லென்ஸ் முடித்துவிட்டார். மேஸ்திரி இதை ஒரே தட்டில் போட்டால் இருவரும் சமம், தவறினால் கழுதை. பந்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு செருப்பு நீளம்தான் இருக்கும். மேஸ்திரி பந்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், மறுபடி பந்தைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. தன் கண்ணுக்கு இடப்பக்கம் சரிந்து தெரிந்த தரைக்காக வலப்பக்கம் தள்ளித் தட்டினார். பந்து அவர் அனுப்பிய திசையிலேயே ஒழுங்காகப் போய்க் குழியைத் தாண்டி நின்றது.

பல் டாக்டர் இரண்டு கைகளையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிக் கத்தினார், கழுதை மாதிரியே.

சாப்பாட்டு மேஜையில் லென்ஸ் தன் பையிலிருந்து கழுதையை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, மேஸ்திரி தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இதற்காக வீட்டில் நல்ல வாக்கியம் ஒன்று யோசித்து வைத்திருந்தார். அது நினைவுக்கு வரவில்லை. "பத்திரமா பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். கண்ணாடியைப் பற்றி அன்றைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் கடையில் நல்ல கூட்டம். அதற்கடுத்த நாள் கூட்டமில்லை.

இரண்டு வாரம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் மேஸ்திரி வந்தார். உள்ளே வந்ததும் "டேய்" என்று சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு செவுத்த இடிச்சுட்டேன்டா."

"என்ன செவுரு?"

"மூணாவது மாடியில. போய்ப் பாத்தேன், கோணலா நின்னுச்சு. எவன்டா கட்டுனதுன்னு கத்தி, ஆளுங்கள விட்டு இடிக்கச் சொன்னேன். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுக் காட்டுறான், நூல் அப்படியே செவுத்தோட ஒட்டி நிக்குது. எனக்கு மட்டும் கோணலாத் தெரியுது. அவனத் திட்டிட்டு இடிச்சுட்டேன். அப்புறம் அடுத்த செவுத்தப் பாத்தா, அதுவும் கோணல். எல்லாமே கோணல்." அவர் குரல் இறங்கியது. "எங்கப்பாவுக்கு இப்படித்தான்டா ஆரம்பிச்சுது. வாசப்படி வளைஞ்சிருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு. ரெண்டே வருஷம். அப்புறம் என் குரல வச்சுத்தான் என்னைக் கண்டுபிடிப்பாரு."

மழைச் சத்தம் கேட்டது. லென்ஸ் வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிட்டால் அரை மணி நேர வேலை.

அதற்குள் மனைவி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். "குடுங்க அண்ணா, மீட்டர்ல வச்சுப் பாத்துடறேன்." கண்ணாடியை வாங்கிப் போய் மீட்டரில் வைத்துக் குனிந்தாள். சக்கரத்தைத் திருப்பினாள். நிறுத்தினாள். மறுபடி திருப்பினாள். பிறகு கண்ணை எடுத்து, மேஜையைத் தாண்டித் தன் புருஷனைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. இப்படி ஒரு ஆள் இந்த வீட்டில் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்பது போன்ற பார்வை.

கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். நிதானமாக, இரண்டு பக்கமும். கொண்டு வந்து மேஸ்திரியின் கையில் கொடுத்தாள்.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு அண்ணா."

மேஸ்திரி தலையை ஆட்டினார். அழுவார் போலிருந்தது, அழவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. அங்க இருக்குற டாக்டர் சொல்லிட்டா அப்புறம் அது நெசமாயிடும். இப்படியே கொஞ்ச நாள் ஓட்டறேன்." பிறகு லென்ஸின் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது வாசிக்கும் அவருடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நீ யார்கிட்டயும் சொல்லாத, என்ன? அவனுங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா என்னை உயிரோட உரிச்சுடுவானுங்க."

அந்தப் பெயரை மேஸ்திரியின் வாயால் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று லென்ஸ் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

அவர் போன பிறகு லென்ஸ் மனைவியிடம், "ஏன் அப்படிச் சொன்ன?" என்றார்.

"நீங்க ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"ஒரு நாளைக்குன்னுதான்..."

"எனக்கும் ஒரு நாளைக்குத்தான்" என்றாள் அவள். "தையல் பிரிக்கிற வரைக்கும் அது அந்த மேஜை மேலயே நின்னுச்சு. ஞாபகம் இருக்கா? நீங்க எடுத்து உள்ள வைக்கல. ரூல்னு விட்டுட்டீங்க."

அதற்குப் பிறகு அவர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஹாலில் கழுதை நின்ற இடத்தில் அவள் ஒரு பூச்செடியை வைத்தாள்.

மேஸ்திரி அடிக்கடி கடைக்கு வர ஆரம்பித்தார். அடுத்த பந்தயத்தை நடத்த வேண்டியவர் அவர். அவருக்கு எதுவும் தெரியவில்லை. மைதானத்து அலுவலகத்தில் யாரிடம் பேசுவது, சட்டை எங்கே வாங்குவது, பல் டாக்டரின் இடுப்பை என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் லென்ஸிடம் வந்தார். லென்ஸ் சொல்லிக் கொடுத்தார். அளவுத் துணியை மாற்றித் தைக்கும் ரகசியத்தைக்கூடச் சொன்னார். மேஸ்திரி வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தன வருஷமா இவ்வளவு வேலையாடா பாத்த? ஒரு வார்த்த சொல்லலியே நீ" என்றார். அவருடைய கை லென்ஸின் தோளில் இருந்தது. தெருவில் இறங்கும்போது படி சரியாகத் தெரிவதில்லை என்று, லென்ஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பழகியிருந்தார். கட்டட வேலையை மச்சினனிடம் விட்டுவிட்டார். மச்சினன் அவரைச் சைட்டுக்கு வர வேண்டாம் என்று நயமாகச் சொல்லிவிட்டான்.

மேஸ்திரிக்குப் பார்வை போகிறது என்ற விஷயம் எப்படியோ கசிந்தது. அதன் பிறகு பல் டாக்டரும் வக்கீலும் அவரைக் குருட்டுக் கழுதை என்று கூப்பிட்டார்கள். லென்ஸும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார், பிறகு மேஸ்திரியை முழங்கை கொடுத்துக் காருக்குக் கூட்டிப் போனார். இரண்டையும் ஒரே மாலையில் செய்ய அவரால் முடிந்தது. எல்லோரும் தன்னை நல்லவன் என்று நினைப்பது அவருக்குத் தெரிந்தது. சில நாள் அவரே அப்படி நினைத்தார்.

அடுத்த பந்தயம் நெருங்கியதும் மேஸ்திரி கேட்டார். "எனக்கு ஒரு தடவ மறுபடியும் டெஸ்ட் பண்ணிப் புதுசா ஒண்ணு போட்டுக் குடேன். கடைசியா ஒரு முயற்சி. தேறலேன்னா மட்டையத் தூக்கி யாருக்காவது குடுத்துட்டு, உங்களுக்கு பேக் தள்ளிட்டு வரேன்."

லென்ஸ் பின்னறையில் உட்கார்ந்தார். போன வருடம் வெயில் விழுந்த அதே இடத்தில் வெயில் விழுந்திருந்தது. வில்லையில் புள்ளி வைத்தார். சரியான கோணத்தில் நிறுத்தினார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வில்லை இப்படியே சட்டத்துக்குள் போனால் நாளைக்கு மேஸ்திரி இந்த வாசலில் நிமிர்ந்து நிற்பார். தெருவிலிருந்தே சுவர்களைத் திட்டுவார். முழங்கையைப் பிடிக்க மாட்டார். "டேய் கழுதை" என்று ஆரம்பிப்பார். பந்தயம் முடிந்து மாலையில் காது வளைந்த பித்தளைக் கழுதை மறுபடியும் ஹாலுக்கு வரும். பூச்செடியை எங்கே வைப்பது?

முன்னால் கல்லாவில் அவள் யாரோ குழந்தைக்குச் சட்டம் மாட்டிவிட்டு, "அழகா இருக்கே, ராஜா" என்று சொல்வது கேட்டது. அவள் பின்னறைப் பக்கம் வரவில்லை. வராமல் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

வில்லையைத் திருப்பினார். போன தடவையைவிடக் கொஞ்சம் அதிகமாக.

மாலையில் மேஸ்திரி புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கடையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியை, சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை, கடைசியாக வாசலை.

"கதவு..." என்றார். "இதுலயும் கதவு கோணலாத்தான்டா தெரியுது."

லென்ஸ் கதவைப் பார்த்தார். அது நூல் பிடித்த மாதிரி நின்றது.

"கோணல்தான்டா அது" என்றார். "ஆரம்பத்துலேர்ந்தே கொஞ்சம் கோணல். உன் மனசு கஷ்டப்படுமேன்னு நாங்க சொல்லல."

மேஸ்திரி வாசலுக்கு நடந்து போனார். நிலையில் கையை வைத்து, மேலிருந்து கீழே மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். வெகுநேரம் தடவினார்.

"அப்படின்னா அப்பவே எனக்கு ஆரம்பிச்சிருக்கு" என்றார். "ஊருல எத்தன வீடு கட்டுனேன்டா."

லென்ஸ் எழுந்து போய் முழங்கையை நீட்டினார். மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டார். கல்லாவிலிருந்து அவள், "பாத்துப் போங்க அண்ணா, படி இருக்கு" என்றாள்.